முழங்காலுக்குக் கீழே ஒரு காது

ரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டனை நோக்கி ஏறும் வீதியோரத்தில் என் பெரியம்மாவின் வீடு இருக்கிறது. வீட்டைச் சுற்றி மிளகுக் கொடி ஏறிய மரங்கள், இரண்டு கிராம்பு மரங்கள், கொஞ்சம் கொக்கோ. அதற்கு மேலே தேயிலை. தேயிலைக்கும் மேலே நக்கிள்ஸ் மலைத்தொடரின் காடு. கடந்த ஐப்பசியில் அங்கே சில நாட்கள் தங்கியிருந்தேன்.

ஒரு நாள் இரவு மழை விட்ட பிறகு திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அக்காவின் மகளுக்குப் பதினொரு வயது. அவள் திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

"சித்தி, அந்தா கத்துது. கேக்குதா?"

கேட்கிறது என்றேன். மெல்லிய, இடைவிடாத 'ஈ...' என்ற ஓசை எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவள் டோர்ச்சை எடுத்துக்கொண்டு மிளகுக் கொடிப் பக்கம் போனாள். இலையோடு இலையாக ஒரு பச்சைப் பூச்சி. உடம்பைவிட நீளமான, மயிரிழை போன்ற இரண்டு உணர்கொம்புகள். வெளிச்சம் பட்டதும் அது அசையாமல் நின்றது.

"நிப்பாட்டிருச்சு," என்றாள்.

எனக்கு நிற்கவில்லை. அதே 'ஈ...' தொடர்ந்தது. அப்போதுதான் புரிந்தது, நான் கேட்டுக்கொண்டிருந்தது அந்தப் பூச்சியை அல்ல. என் காதுக்குள்ளேயே இருக்கும் இரைச்சலை. பூச்சியின் குரல் எனக்குக் கேட்கவே இல்லை.

2009 இல் எனக்குப் பதினெட்டு வயது. மாத்தளனில் பங்கருக்குப் பக்கத்தில் விழுந்த ஷெல்லுக்குப் பிறகு இடது காதிலிருந்து இரத்தம் வந்தது. சில வாரங்களில் காது கேட்கத் தொடங்கியது. அதோடு அதை மறந்துவிட்டேன். பதினைந்து வருடங்களுக்கு மேலாக, இரவில் எனக்குக் கேட்கும் அந்த ஓசையைப் பூச்சிகளின் சத்தம் என்றே நம்பியிருந்தேன்.

எனக்குக் கேட்காத அந்தப் பூச்சி எப்படிக் கேட்கிறது என்று தேடத் தொடங்கியதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

தத்துவெட்டியின் உறவினர்

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் தத்துவெட்டி என்போம். மலையகத்தில் பச்சை வெட்டுக்கிளி என்பார்கள். ஆனால் பகலில் புல்வெளியில் தத்தும் குட்டைக் கொம்பு வெட்டுக்கிளி வேறு. இரவில் இலைகளுக்குள் ஒளிந்து பாடும் இந்த நீளக் கொம்புக்காரர் வேறு. ஆங்கிலத்தில் இதைக் 'கேட்டிடிட்' என்கிறார்கள். அமெரிக்காவில் ஓர் இனத்தின் பாடல் அப்படி ஒலிப்பதால் வந்த பெயர் அது. விஞ்ஞானப் பெயர் 'டெட்டிகோனிடே' குடும்பம். பெரும்பாலானவை இலை போலவே இருப்பதால் இக்கட்டுரையில் இலைவெட்டுக்கிளி என்று எழுதுகிறேன்.

இலைவெட்டுக்கிளிக்குத் தொண்டை கிடையாது. ஆண் பூச்சி தன் முன்னிறக்கைகளை ஒன்றோடொன்று உரசிப் பாடுகிறது. இடது இறக்கையின் அடிப்பக்கத்தில் அரம் போன்ற பல்வரிசை இருக்கும். வலது இறக்கையின் விளிம்பு அந்தப் பற்களின் மேல் இழுபடும்போது இறக்கையிலுள்ள மெல்லிய சவ்வு அதிர்ந்து ஒலி பிறக்கிறது. பெண் பூச்சி அதைக் கேட்டு ஆணைத் தேடி வரும்.

மனிதக் காதுக்கு ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸ் முதல் 20 கிலோஹேர்ட்ஸ் வரையான ஒலிதான் எட்டும். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கும். சிறுமிக்குக் கேட்பது பெரியம்மாவுக்குக் கேட்காததன் காரணம் அது. 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேற்பட்டதை நமது பாடப்புத்தகங்களில் கழியொலி என்று படித்தோம். தமிழ்நாட்டில் மீயொலி என்பார்கள். உலகின் இலைவெட்டுக்கிளிகளில் பெரும்பகுதி ஓரளவாவது கழியொலியில்தான் பாடுகிறது. கொலம்பியா, எக்குவடோர் மழைக்காடுகளிலிருந்து 2014 இல் விவரிக்கப்பட்ட 'சூப்பர்சோனஸ்' என்ற பேரினத்தில் ஓர் இனத்தின் பாடல் 150 கிலோஹேர்ட்ஸை எட்டுகிறது. நமது எல்லையைப் போல ஏழு மடங்குக்கும் மேல்.

சிறிய உடம்பு உயர்ந்த சுருதியில் பாடுவதற்குப் பௌதிகக் காரணம் உண்டு. ஒரு கிலோஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்ரிமீற்றர். அவ்வளவு பெரிய அலையை ஒரு சிறு இறக்கையால் பலமாக வெளியேற்ற முடியாது. 23 கிலோஹேர்ட்ஸில் அலைநீளம் ஒன்றரைச் சென்ரிமீற்றராகச் சுருங்கிவிடும். இறக்கையின் அளவுக்கு அது பொருந்தும். ஆனால் உயர்ந்த ஒலியைக் காற்று விரைவில் உறிஞ்சிவிடும். இலைகளில் பட்டுச் சிதறும். தூரம் போகாது. அப்படித் தேய்ந்து வரும் ஒலியைப் பிடிக்க நுட்பமான காது வேண்டும்.

காது எங்கே இருக்கிறது?

தலையில் தேடினால் கிடைக்காது. இலைவெட்டுக்கிளியின் காதுகள் அதன் முன்னங்கால்களில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. ஒவ்வொரு காலிலும் முன்னும் பின்னுமாக இரண்டு செவிப்பறைகள். ஆக மொத்தம் நான்கு.

அதைவிட வியப்பானது ஒலி உள்ளே போகும் வழி. நம் செவிப்பறையை ஒலி வெளிப்பக்கமிருந்து மட்டுமே தட்டுகிறது. இலைவெட்டுக்கிளிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காலின் வெளிப்பக்கத்திலிருந்து நேராகச் செவிப்பறைக்கு. மற்றது, நெஞ்சுப் பகுதியின் பக்கவாட்டிலுள்ள ஒரு துவாரத்தில் நுழைந்து, காலுக்குள் ஓடும் காற்றுக் குழாய் வழியாகச் செவிப்பறையின் உட்பக்கத்துக்கு. பூச்சிகள் மூச்சுவிடும் வாதனாளியின் மாற்றியமைக்கப்பட்ட ஒரு கிளை அது. வாய் அகன்று போகப் போக ஒடுங்குவதால், பழைய கிராமபோன் குழலைத் திருப்பிப் பிடித்தது போல ஒலியைச் சேர்த்துப் பலமாக்கிக் கொடுக்கிறது.

ஒடுங்கிய அந்தக் குழாய்க்குள் ஒலி வெளிக் காற்றைவிட மெதுவாகப் போகிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். ஆகவே ஒரே ஒலி ஒவ்வொரு செவிப்பறையையும் இரண்டு தடவை, மிகச் சிறிய கால இடைவெளியில், வெளியிலும் உள்ளிலும் வந்து தட்டுகிறது. ஒலி வரும் திசை மாறினால் இந்த இடைவெளியும் பலமும் மாறும். இரண்டு காதுகளுக்கும் இடையே ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் தூரமே உள்ள ஒரு பூச்சி, இருட்டில் ஒலியின் திசையைக் கண்டுபிடிக்க இது பெரிதும் உதவுகிறது.

காற்றிலிருந்து திரவத்துக்கு

காற்றில் வரும் ஒலி நீரில் பட்டால் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். குளத்தில் மூழ்கினால் கரையிலிருப்பவர் கூப்பிடுவது கேட்காததற்குக் காரணம் இதுவே. ஆனால் நம் உட்காதிலுள்ள நத்தைச்சுருள் திரவத்தால் நிரம்பியது. அப்படியானால் ஒலி எப்படி உள்ளே போகிறது? நடுக்காதிலுள்ள மூன்று சின்ன எலும்புகளான சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு ஆகியவை நெம்புகோல் போல் வேலை செய்து, செவிப்பறையின் அதிர்வைப் பலமான தள்ளலாக மாற்றித் திரவத்துக்குள் செலுத்துகின்றன.

இது பாலூட்டிகளுக்கு மட்டும் உரிய ஏற்பாடு என்று நினைத்திருந்தார்கள். 2012 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் பெர்னாண்டோ மொன்டேலெக்ரே, டானியல் ரொபர்ட் முதலானோர் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. கொலம்பியாவின் கோர்கோனா தீவில் வாழும் 'கொப்பிபோரா கோர்கோனென்சிஸ்' என்ற இலைவெட்டுக்கிளியின் காலை அவர்கள் லேசர் கருவிகளால் ஆராய்ந்தார்கள். அதன் பாடல் 23 கிலோஹேர்ட்ஸ். செவிப்பறைக்குப் பக்கத்திலேயே சிறிய தடித்த தகடு ஒன்று இருந்தது. செவிப்பறை ஒரு பக்கம் அசைய, தகடு எதிர்ப்பக்கம் அசைகிறது. நெம்புகோல்தான். தகட்டுக்கு உள்ளே திரவம் நிறைந்த மிகச் சிறிய பை. அதற்குள் உணர்வுக் கலங்கள் வரிசையாக நிற்கின்றன.

அந்த வரிசை பியானோவின் கட்டைகள் போன்றது. முழங்காலுக்கு அருகிலுள்ள கலங்கள் தாழ்ந்த சுருதிக்கும், பாதத்தை நோக்கியுள்ளவை உயர்ந்த சுருதிக்கும் துலங்குகின்றன. திரவத்தில் ஓடும் அலை அதனதன் சுருதிக்குரிய இடத்தில் உச்சத்தை அடைகிறது. நம் நத்தைச்சுருளிலும் நடப்பது இதுவே. நமக்கு ஒரு காதில் ஏறத்தாழ 15,000 மயிர்க் கலங்கள். இலைவெட்டுக்கிளிக்குப் பெரும்பாலும் சில பத்துக் கலங்கள்தான். இடமோ ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. பூச்சியும் மனிதனும் ஒருவரிடமிருந்து ஒருவர் இந்த அமைப்பைப் பெறவில்லை. ஒரே சிக்கலுக்கு இரண்டு பரம்பரைகள் தனித்தனியே வந்து சேர்ந்த ஒரே தீர்வு அது.

துணையின் குரலும் எதிரியின் குரலும்

சீனாவில் கிடைத்த, இலைவெட்டுக்கிளிகளின் தொல் உறவான ஒரு பூச்சியின் 165 மில்லியன் வருடப் பழைமையான உயிர்ச்சுவட்டில் இறக்கையின் பல்வரிசை அழியாமல் இருந்தது. அதை அளந்து, அதன் பாடல் 6.4 கிலோஹேர்ட்ஸ் அளவில் இருந்திருக்கும் என்று 2012 இல் கணித்தார்கள். நாம் கேட்டிருக்கக்கூடிய பாடல் அது. அக்காலத்தில் வௌவால்கள் இல்லை. இதுவரை கிடைத்த மிகப் பழைய வௌவால் சுவடுகள் 50 மில்லியன் வருடங்களுக்குச் சற்று முற்பட்டவைதான். ஆகவே இந்தக் காது முதலில் துணையின் குரலைக் கேட்கவே இருந்தது. வானத்திலிருந்து வேட்டைக்காரன் வந்த பிறகு அதே காது இன்னொரு வேலையையும் ஏற்றுக்கொண்டது.

வௌவால்கள் பெரும்பாலும் 20 முதல் 100 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் வரை கழியொலியை அனுப்பி, அதன் எதிரொலியால் இரையைத் தேடுகின்றன. கொப்பிபோரா பூச்சியின் செவிப்பறைகளைச் சின்ன மடல்கள் மூடியிருக்கும். ஒலி நுழைய ஒடுக்கமான பிளவு மட்டும் உண்டு. இவை எதற்கு என்று 2022 இல் ஆராய்ந்தார்கள். மடல்களை அகற்றியும், முப்பரிமாண அச்சில் பெரிதாக்கிய மாதிரிகளை வைத்தும் சோதித்தபோது, அவை 60 கிலோஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியையே அதிகம் பலமாக்குகின்றன என்று தெரிந்தது. தன் இனத்தின் 23 கிலோஹேர்ட்ஸ் பாடலுக்கு அந்த மடலால் பெரிய பயன் இல்லை. வௌவாலைக் கேட்பதற்கே அமைந்த மடல் அது.

கேட்டதும் என்ன செய்யும்? வட அமெரிக்காவின் ஓர் இனம், பறக்கும்போது வௌவாலின் ஒலி பட்டவுடன் இறக்கையை மூடிக்கொண்டு கல்லைப் போலக் கீழே விழுந்துவிடும். பனாமாவில், இலைகளில் உட்கார்ந்திருக்கும் பூச்சியைக் கொத்திச் செல்லும் வௌவால்கள் வாழும் காட்டிலுள்ள இனங்கள் குறைவாகவே பாடுகின்றன. சில இனங்கள் பாடுவதற்குப் பதில் தண்டை உலுக்கி, அதிர்வாலேயே சேதி சொல்கின்றன.

இந்தப் பகுதியை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஷெல் புறப்படும் 'டும்' கேட்டதும் அது விழுவதற்குள் எத்தனை அடி ஓடலாம் என்று நமது பிள்ளைகள் அறிந்திருந்தார்கள். கிபிர் வரும் சத்தமும் வேவு விமானத்தின் இரைச்சலும் நாலு வயதுப் பிள்ளைக்கு வேறு வேறாகத் தெரியும். அதை எங்களுக்கு யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித் தரவில்லை.

நமக்கு அருகிலுள்ள ஆய்வுகள்

இலங்கையின் இலைவெட்டுக்கிளிகளைப் பற்றி முன்னோடியாக எழுதியவர்களில் ஒருவர் ஜி. எம். ஹென்றி. 1891 இல் இந்நாட்டின் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கொழும்பு நூதனசாலையில் பூச்சியியல் பணி செய்தவர். 1955 இல் வெளிவந்த அவருடைய இலங்கைப் பறவைகள் வழிகாட்டியைத்தான் பலரும் அறிவார்கள். கழியொலியைப் பதிவுசெய்யும் கருவிகள் அவர் காலத்தில் பரவலாக இல்லை.

இப்போது இந்தப் பூச்சிகளின் ஒலியுலகம் பற்றிய சிறந்த ஆய்வுகள் கடல் கடந்து மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வருகின்றன. அந்த மலையும் நமது மத்திய மலைநாடும் உயிரினப் பல்வகைமையில் ஒரே வலயமாகக் கணிக்கப்படுபவை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ரோகிணி பாலகிருஷ்ணனும் அவரது மாணவர்களும், கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும் 'மெக்கோபோடா' இலைவெட்டுக்கிளிகள் தென்னிந்தியாவில் ஐந்து விதமான பாடல்களைப் பாடுவதை 2006 இல் காட்டினார்கள். உருவம் ஒன்று, தாளம்தான் வேறு.

குதிரேமுக் பகுதியின் 'ஒனோமார்க்கஸ்' என்ற இனமோ எதிர்த்திசையில் போயிருக்கிறது. அதன் பாடல் 3.2 கிலோஹேர்ட்ஸ்தான், இலைவெட்டுக்கிளிகளுக்கு இது வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்தது. 2013 இல் அதன் காதை அளந்தபோது, காலின் முன்பக்கச் செவிப்பறை அந்தத் தாழ்ந்த பாடலுக்கே சுருதி சேர்ந்திருந்தது. பின்பக்கச் செவிப்பறை உயர்ந்த ஒலிகளுக்கும் பரவலாகத் திறந்திருந்தது. ஒரே காலில் இரண்டு செவிப்பறைகளும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டுள்ளன.

என்னைப் பாதித்தது 2015 இல் வெளிவந்த ஆய்வு. 'மெகடர்மா ஸ்பாஸ்மா' என்ற பெரிய காது வௌவால் இலங்கையிலும் வாழ்கிறது. தன் இரையின் சத்தத்தை ஒட்டுக்கேட்டே வேட்டையாடக்கூடியது. அது தங்கும் இடங்களுக்குக் கீழே உதிர்ந்து கிடந்த இறக்கைகளை ஆய்வாளர்கள் சேகரித்து எண்ணினார்கள். சத்தமிட்டுப் பாடும் ஆண்கள்தான் அதிகம் அகப்பட்டிருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அதிகம் இறந்திருந்தவையோ குரலே எழுப்பாத பெண்கள். ஆண் ஓரிடத்தில் இருந்து பாடுகிறது. அந்தக் குரலைத் தேடி இருட்டில் பறந்து போவது பெண். பறப்பவளையே வௌவால் பிடிக்கிறது. காணாமல் போனவர்களைத் தேடி அலைகிற பெண்களை எனக்குத் தெரியும். பூச்சியையும் மனிதரையும் ஒப்பிடுவது சரியல்ல என்றும் தெரியும். ஆனாலும் அந்த வரியில் சற்று நேரம் நின்றுவிட்டேன்.

பத்து மடங்கு மெதுவாக

அக்காவின் மகனுடைய நண்பர் ஒருவர் வௌவால்கள் பற்றிப் படிக்கும் பல்கலைக்கழக மாணவர். மறுநாள் இரவு கைத்தொலைபேசியில் செருகும் கழியொலி மைக் ஒன்றை எடுத்து வந்தார். மிளகுக் கொடியை நோக்கிப் பிடித்ததும் திரையில் கோடுகள் எழுந்தன. பதிவைப் பத்து மடங்கு மெதுவாக்கிப் போட்டார். அப்படிச் செய்தால் 30 கிலோஹேர்ட்ஸ் ஒலி 3 கிலோஹேர்ட்ஸாக இறங்கி மனிதக் காதுக்குள் வந்துவிடும்.

கரகரவென்று, சிறு அரத்தால் மரத்தைத் தேய்ப்பது போன்ற ஒழுங்கான ஓசை. அதன் மேலே சில இடங்களில் கீச்சென்று சரியும் கோடுகள். "அது வௌவால்," என்றார் அவர். பூச்சியின் கோடுகள் அந்த இடங்களில் அறுந்து, பிறகு மறுபடியும் தொடங்கியிருந்தன. அது வௌவாலுக்குப் பயந்து நிறுத்தியதா, தற்செயலா என்று ஒரே பதிவை வைத்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

பெரியம்மா அருகில் வந்து கேட்டுவிட்டு, "இம்புட்டு நாளா இது நம்ம வீட்டுலயா கெடந்துச்சு," என்றார்.

எங்கள் குடும்பத்தில் தவறாகக் கேட்ட கதை ஒன்று உண்டு. 1977 வன்செயலுக்குப் பிறகு என் அம்மாவின் பெற்றோர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனார்கள். கல்யாணமாகியிருந்த பெரியம்மா இங்கேயே தங்கிவிட்டார். 2009 இன் தொடக்கத்தில், யாரோ ஒருவர் மூலம் பல கை மாறி, தொலைபேசியில் அவருக்கு ஒரு செய்தி வந்தது. "தங்கச்சி குடும்பம் மாத்தளன்ல இருக்கு." இரைச்சலான இணைப்பில் பெரியம்மாவுக்கு அது "மாத்தளையில இருக்கு" என்று கேட்டது. மூன்று நாட்கள் மாத்தளை பஸ் நிலையத்தில் போய்க் காத்திருந்தாராம்.

கலம் மீண்டும் முளைக்காது

கொழும்புக்குத் திரும்பியதும் காதைச் சோதித்தேன். ஹெட்போனை மாட்டி, ஒலி கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். பொதுவாக 250 ஹேர்ட்ஸ் முதல் 8,000 ஹேர்ட்ஸ் வரை சோதிப்பார்கள். நான் ஒலியே தராத இடங்களிலும் சில தடவை அமுக்கினேன். என் காதிரைச்சலை அவர்கள் தந்த ஒலி என்று நினைத்து. இடது காதின் வரைபு 4,000 ஹேர்ட்ஸ் அருகே பள்ளமாக இறங்கி, அதற்கு மேலும் ஏறவில்லை. வெடிச்சத்தத்தாலும் கடும் இரைச்சலாலும் பழுதான காதுகளில் அடிக்கடி காணும் வடிவம் இது என்று விளக்கினார்கள்.

கிழிந்த செவிப்பறை பல வேளைகளில் தானாகவே ஆறிவிடும். வலி போனதும் காது சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் நத்தைச்சுருளின் மயிர்க் கலங்கள் மனிதரில் அழிந்தால் மீண்டும் முளைக்காது. பறவைகளில் முளைக்கும், நமக்கு இல்லை. உயர்ந்த சுருதிக்கான கலங்களே பெரும்பாலும் முதலில் போகின்றன. பேச்சில் 'ச', 'ஸ' போன்ற மெய்களின் பலம் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஆகவே பேச்சு கேட்கும், சொல் தெளியாது. சந்தையிலோ வகுப்பிலோ பலர் ஒன்றாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. இப்படியானவரைக் கவனமில்லாதவர், கோபக்காரர், மந்தமானவர் என்று வீட்டிலேயே சொல்லிவிடுகிறோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். தொலைபேசியை எப்போதும் ஒரே காதில் வைப்பவர், தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுபவர், இரவில் காதுக்குள் ஏதோ கூவுகிறது என்று சொல்பவர். பெரிய அரச வைத்தியசாலைகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுகளில் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாம். போன கலங்களைத் திருப்பித் தர முடியாவிட்டாலும், கேள்கருவியால் பலருக்குச் சொற்கள் மீண்டும் தெளிகின்றன. காதிரைச்சலுடன் வாழப் பழகவும் வழிகாட்டுகிறார்கள். மிச்சமிருக்கும் கலங்களையாவது அரைக்கும் மெஷின், மரம் அரியும் வாள், திருவிழா ஒலிபெருக்கி ஆகியவற்றிலிருந்து காக்கலாம்.

சென்ற வாரம் அக்காவின் மகள் இரவில் அழைத்தாள். "சித்தி, திரும்ப வந்திருக்கு. போனை அது கிட்ட பிடிக்கிறேன், கேளுங்க."

சாதாரணத் தொலைபேசி இணைப்பு 3,400 ஹேர்ட்ஸ் அளவோடு ஒலியை வெட்டிவிடும். அந்தப் பாடல் என்னிடம் வர வழியே இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. வலது காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். என்னுடைய 'ஈ...' மட்டும் கேட்டது.

"நிப்பாட்டிருச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல சித்தி, இன்னும் கத்துது."